சரியாச்சாக்காவின் விரல்

நகரத்தின் நடுச் சதுக்கத்தில் நாலு மாடி உயரத்துக்கு ஒரு திரை வைத்தார்கள். எவ்வளவு செலவு என்று கேட்டவர்களுக்கு அதிகாரிகள் கடைசிப் பூஜ்யத்தை மென்று விழுங்கிவிட்டுப் பதில் சொன்னார்கள். அவ்வளவு பெரிய திரையில் படம் ஓடாது, பாட்டு வராது. ஒரே ஒரு எண் மட்டும் தெரியும். மாநில மக்கள் கொடுத்த புகார்களில் நூற்றுக்கு எத்தனை தீர்ந்திருக்கிறது என்கிற எண். திரைக்கு நேர் கீழே இருந்த பொதுக் குழாயில் தண்ணீர் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதைச் சொல்லும் வேலை திரைக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அமைச்சர் வந்து திரையைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. அவர் பொத்தானை அமுக்கும்போது அதில் நூறு என்று விழ வேண்டும். புதன்கிழமை காலை வெள்ளோட்டம் பார்த்தபோது 99.99 என்று விழுந்தது. பதினோராயிரம் புகாரில் ஒன்றே ஒன்று தீராமல் முழித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒன்று தன் அலுவலகத்தில்தான் இருக்கிறது என்பது தெரியாமல், குறைதீர்ப்பு அலுவலகத்தின் கண்காணிப்பாளர் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது வருட சர்வீஸ். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர். நல்லது செய்ய வேண்டும் என்றும் பெரிதாக மெனக்கெட்டதில்லை. அவர் மனைவி மருந்துக் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தார். வேலை முடிந்து வர ராத்திரி எட்டு மணி ஆகும்.

"ஏங்க, நம்ம தெரு விளக்குக்கு ஒரு கம்ப்ளெயின்ட் போட்டீங்களே, என் பேர்ல," என்றார் மனைவி, கைப்பையைத் துழாவிக்கொண்டே.

"ஆமா. அது முடிஞ்சிருச்சே."

"முடிஞ்சிருச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது'ன்னு. தினமும் ராத்திரி அந்த மெசேஜைத் திறந்து வெச்சுக்கிட்டு, அந்த போன் வெளிச்சத்துலதான் சாக்கடை மூடி எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து வரேன். நல்லா வெளிச்சமாத்தான் இருக்கு."

கண்காணிப்பாளர் கடைசிப் பொத்தானைப் போட்டார். அந்தப் புகாரைப் பதிவு செய்தவரும் அவர்தான், ஏழாம் நாள் முடித்துவைத்தவரும் அவர்தான். தன் பட்டியலில் நிலுவை இருக்கக் கூடாது என்று வழக்கம்போல முடித்திருந்தார். அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அலுவலகம் சதுக்கத்தை ஒட்டியே இருந்தது. கீழ்த்தளத்தில் பன்னிரண்டு கவுன்ட்டர்கள். ஒவ்வொரு மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் ஒரு தாள் செருகியிருக்கும். அதில் எழுதிவைத்த ஆறு வாக்கியங்கள். புகாரை முடிக்கும்போது அதில் ஒன்றைப் போட வேண்டும். மூன்றாவது வாக்கியத்துக்குத்தான் கிராக்கி: 'சம்பந்தப்பட்ட துறையின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.' சாக்கடை அடைத்தாலும் அதுதான், பாலம் இடிந்தாலும் அதுதான். "மூணு போட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள். "போட்டாச்சு" என்றால் டீ குடிக்கப் போகலாம்.

ஒன்பதாம் கவுன்ட்டர் மேசையில் மட்டும் அந்தத் தாள் இல்லை. அங்கே இருந்தவள் ஒப்பந்த ஊழியர். வருடா வருடம் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் வேலை. மூட்டை தூக்கி முதுகு போன புருஷன், படித்துக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள், எல்லாம் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இருந்தார்கள். அவளுக்கு ஒரு பழக்கம். எந்தப் புகாரையும் முடிப்பதற்கு முன்னால் கொடுத்தவருக்கே போன் போட்டு, "சரியாச்சா?" என்று கேட்பாள். ஆச்சு என்றால் முடிப்பாள். இல்லை என்றால் முடிக்க மாட்டாள். சம்பந்தப்பட்ட என்ஜினியருக்கு மறுநாள் காலை பத்துப் பத்துக்கு போன் போகும். அதற்கு மறுநாளும் அதே பத்துப் பத்துக்குப் போகும். குரலை உயர்த்த மாட்டாள், திட்ட மாட்டாள். "வணக்கம் சார், அந்த பைப்பு சரியாச்சா?" என்பதோடு சரி. அந்த எண்ணைப் பார்த்தாலே என்ஜினியர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். இப்படியே முந்நூற்றுப் பதினொரு புகார்களை நிஜமாகவே தீர்த்துவைத்திருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குச் சரியாச்சாக்கா என்று பெயர் வைத்துக் கிண்டல் பண்ணினார்கள். ஆனால் கிண்டல் பண்ணியவர்கள் வீட்டில் குழாய் உடைந்தால் ஒன்பதாம் கவுன்ட்டரில்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவதுதான் அந்த ஒன்று. அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவு மூன்றாம் மாடியில் இருக்கிறது. அதற்குப் போகும் லிப்ட் பதினாலு மாதமாக ஓடவில்லை. காலை ஒடித்துக்கொண்டவர்களை அறுபத்தாறு படி ஏறிவரச் சொல்லும் யோசனை எந்த மூளையில் உதித்ததோ தெரியாது. மருத்துவமனை கட்டடத் துறையைக் கைகாட்டியது. கட்டடத் துறை மின்பிரிவைக் காட்டியது. மின்பிரிவு பராமரிப்புக் கம்பெனியையும், கம்பெனி நிதித் துறையையும் காட்டின. நிதித் துறை திரை வாங்கிக்கொண்டிருந்தது.

கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்காருவதற்குள் இணை இயக்குநரிடமிருந்து போன்.

"என்னய்யா நடக்குது அங்க? மாநிலம் முழுக்க முடிச்சுட்டான். உங்க ஆஃபீஸ்ல ஒண்ணு தொங்குது!"

"பாக்கறேன் சார்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு மூணைப் போட்டு முடிய்யா! அந்த அம்மாவுக்கு இந்த வெள்ளிக்கிழமையோட கான்ட்ராக்ட் முடியுதில்ல? விரல் வெச்சா கையெழுத்துப் போடு. வெக்கலைன்னா போடாத. புரியுதா?"

விரல் வைப்பது என்பது இதுதான். பத்து மாதத்துக்கு முன் புதுக் கணினி முறை வந்தபோது, புகாருக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு எழுந்தது. அதிகாரிகள் எல்லாரும் நழுவப் பார்த்தார்கள். நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போனால் தங்கள் தலை உருளுமே என்ற பயம். விதியை எழுதும் வேலை கண்காணிப்பாளரிடம் வந்தது. அவர் ஒரு முழு நாள் உட்கார்ந்து அழகாக எழுதிக் கொடுத்தார்: குறையைப் பதிவு செய்யும் கடைநிலை ஊழியரே அதற்கு முழுப் பொறுப்பு. அதை முடிக்கவோ, முடித்ததை மறுபடி திறக்கவோ அவருடைய விரல் ரேகை வேண்டும். வேறு எவராலும், எந்த மேலதிகாரியாலும் இயலாது. படித்துப் பார்த்த இணை இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழியைக் கீழே தள்ளிவிட்ட சந்தோஷத்தில், அதோடு சேர்ந்து அதிகாரமும் கீழே போய்விட்டதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. பெரும் பணம் கொட்டி வாங்கிய அந்த முறையில் பாதி வேலை செய்யவில்லை. விரல் வைக்கும் கருவி மட்டும் கல்லு மாதிரி வேலை செய்தது.

கண்காணிப்பாளர் ஒன்பதாம் கவுன்ட்டருக்குப் போனார். அவள் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. அந்த லிப்ட் விஷயம்..."

"சரியாச்சா சார்?" அவள் முகத்தில் நிஜமாகவே வெளிச்சம் வந்தது.

"இல்லம்மா. அதை முடிச்சுரு. மேலிடத்து உத்தரவு. பின்னாடி பாத்துக்கலாம்."

"பின்னாடின்னா எப்ப சார்?"

"ஏம்மா, உனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. வெள்ளிக்கிழமையோட உன் கான்ட்ராக்ட் முடியுது. நான் என்ன சொல்றேன்னு உனக்குப் புரியும்." சொல்லும்போது அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கையெழுத்து என் கையிலதான் இருக்கு."

அவள் மேசையைப் பார்த்தாள். பயந்துதான் போயிருந்தாள். ஆனால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"போடலைன்னா வீட்டுக்குப் போறேன் சார். என் விரலும் என்கூடத்தான் வரும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. மூணு மாடி ஏறி இறங்கிட்டு, 'சரியாத்தான் இருக்கு'ன்னு உங்க வாயால சொல்லுங்க. அந்த நிமிஷமே விரல் வெக்கிறேன்."

மத்தியானம் இருவரும் கிளம்பினார்கள்.

மருத்துவமனை வாசலில் புதிதாகப் பளிங்குத் தூண்கள் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. லிப்ட் கதவு இரண்டும் மூடியிருக்க, இரண்டையும் சேர்த்து ஒரு சுவரொட்டி: 'உங்களை உயர்த்துவதே எங்கள் லட்சியம்.' ஒட்டியவன் நக்கலுக்கு ஒட்டவில்லை. இடம் காலியாக இருந்தது, ஒட்டிவிட்டான். கண்காணிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படிக்கட்டிலிருந்து விசில் சத்தம் கேட்டது. முதலில் ஒரு விசில். கொஞ்சம் பொறுத்து இரண்டு.

மாடித் திருப்பத்தில் ஒரு பெரியவர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வெளுத்துப்போன காக்கிச் சட்டை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் விசில். மேலிருந்து ஒரு நாற்காலி இறங்கி வந்தது, அதில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு ஆள். கீழிருந்து இன்னொரு நாற்காலி ஏறக் காத்திருந்தது. பெரியவர் ஒரு விசில் அடித்தார். கீழ் நாற்காலி நின்றது. மேல் நாற்காலி திருப்பத்தைத் தாண்டியதும் இரண்டு விசில் கொடுத்து, "போலாம், ரைட்!" என்றார்.

"இவர்தான் சார் புகார் கொடுத்தவர். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர்," என்றாள் சரியாச்சாக்கா.

கண்டக்டரின் மனைவிக்கு இடுப்பு எலும்பு உடைந்து, சேர்த்துவைத்து, நன்றாகிவிட்டது. வீட்டுக்குப் போகிற அன்று அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கியபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேலே ஏறி வந்த நாற்காலி முட்டிவிட்டது. விழுந்தார். சேர்ந்த எலும்பு திரும்பவும் உடைந்தது. இப்போது வீட்டில் படுத்த படுக்கை. அதற்கப்புறம் கண்டக்டர் தினமும் மனைவிக்குச் சோறு கொடுத்துவிட்டு, பழைய விசிலை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் வந்த நாள் முதல் அந்தப் படிக்கட்டில் ஒரு நாற்காலியும் இன்னொன்றோடு முட்டவில்லை.

கண்காணிப்பாளர் படியிலேயே நின்று பார்த்தார். ஒரு அரசாங்கம் முழுக்கச் சேர்ந்து கைவிட்ட வேலையை ஒரு மனுஷர் ஒரு விசிலை வைத்துக்கொண்டு செய்துகொண்டிருந்தார்.

"என்ன சார் வேடிக்கை? வழியை அடைக்காதீங்க. ஏறுறதுன்னா ஏறுங்க, இல்லைன்னா இறங்குங்க," என்றார் கண்டக்டர். அதற்குள் கீழிருந்து ஏறிய நாற்காலியைத் தூக்கிய இருவரில் ஒருவனுக்கு மூச்சு வாங்கி, முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டான். கண்டக்டர் கண்காணிப்பாளரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல ஆளாத்தான் இருக்கீங்க. பின்னாடி பிடிங்க சார்."

பிடித்தார். நாற்காலியில் ஒரு பள்ளி ஆசிரியை. முழங்காலிலிருந்து பாதம் வரை கட்டு. "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார். பத்தாவது படியில் கண்காணிப்பாளரின் இடுப்பு விண்ணென்றது. இருபதாவது படியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் கால் ஒரு நொடி வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது. ஆசிரியை கத்தவில்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார். அதுதான் கண்காணிப்பாளரை உலுக்கிவிட்டது. பின்னாலிருந்து சரியாச்சாக்கா ஒரு கையால் நாற்காலியைத் தாங்கிப் பிடித்தாள்.

மூன்றாம் மாடியில் நாற்காலியை இறக்கியபோது அவருக்கு நினைவு வந்தது. புது முறை வருவதற்கு முன்னால் மனைவி இங்கே சேர்ந்திருந்தபோதே, இதே லிப்டுக்கு இதே கண்டக்டர் ஐந்து தடவை எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்துக்கும் மூன்று போட்டு முடித்தது கண்காணிப்பாளர்தான். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. அந்த ஐந்தில் ஏதாவது ஒன்றை முடிக்காமல் வைத்திருந்தால் அந்த அம்மா இன்றைக்கு நடந்துகொண்டிருப்பார்.

"சரியா இருக்கா சார்?" என்று கேட்டாள் சரியாச்சாக்கா. அதில் குத்தல் இல்லை. எல்லாரிடமும் கேட்பது மாதிரியேதான் கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் அவர். இருபத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன முதல் உண்மையான பதில் அதுதான்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேசை இழுப்பறையைத் திறந்து அவளுடைய ஒப்பந்தத் தாளை எடுத்தார். இன்னும் ஒரு வருடத்துக்கு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தபாலில் சேர்த்துவிட்டார். தனக்கு மெமோ வரலாம், வீட்டை விட்டு ஐந்நூறு மைலுக்கு அப்பால் தூக்கியடிக்கலாம் என்றெல்லாம் தோன்றியது. இருந்தாலும் அந்தக் கையெழுத்து அவர் சர்வீஸில் போட்ட கையெழுத்துகளிலேயே அழகாக விழுந்திருந்தது. அப்புறம் இணை இயக்குநருக்கு போன் போட்டார்.

"அந்த அம்மா விரல் வைக்க மாட்டாங்க சார்."

"அப்ப ஆளை இப்பவே வீட்டுக்கு அனுப்பு!"

"அனுப்பினா அந்தப் புகார் என்னைக்கும் திறந்தேதான் இருக்கும் சார். வேற யாரும் முடிக்க முடியாது. சாஃப்ட்வேர் கம்பெனியைக் கேட்டுட்டேன். விதி அப்படி."

"எந்த மடையன்யா அந்த விதியை எழுதினது?"

"நான்தான் சார். நீங்ககூட எழுந்து வந்து கை குடுத்தீங்க."

அந்தப் பக்கம் கோப்பு புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு வழிதான் சார் இருக்கு," என்றார் கண்காணிப்பாளர். "லிப்டை ரிப்பேர் பண்ணிடலாம்."

பதினாலு மாதமாக, நாலு துறைகளில், எத்தனையோ கூட்டங்களில் ஒருத்தர் வாயிலும் வராத யோசனை அது.

வியாழக்கிழமை நாலு துறை அதிகாரிகளும் முதல் தடவையாக அந்த லிப்ட் கதவுக்கு முன்னால் ஒன்றாக நின்றார்கள். ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியவில்லை, எல்லாரும் பக்கத்திலேயே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் வந்து சுவரொட்டியைக் கிழித்து, மேலே ஏறிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் பலகை கருகிப் போயிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றான் மெக்கானிக். "இதுக்கா பதினாலு மாசம்? அமைச்சர் மேடைக்கு வந்திருக்கற பூவுக்கு ஆன செலவு இதுக்கு ஆகாதே!"

கட்டடத் துறை அதிகாரிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இருந்தாலும் பலகையை வாங்கிவரத் தன் காரையே கொடுத்தனுப்பினார்.

பத்தே முக்காலுக்குச் சதுக்கத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. அமைச்சர் மேடை ஏறிவிட்டார். ஒன்பதாம் கவுன்ட்டருக்கு முன்னால் இணை இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பதினொரு கவுன்ட்டர் ஆட்களும் கூடிவிட்டார்கள். லிப்ட் ஓடுகிறது என்று மெக்கானிக்கிடமிருந்து தகவல் வந்துவிட்டது.

"ஓடுதாம்! விரலை வை!" என்றார் இணை இயக்குநர்.

"ஒரு நிமிஷம் சார்." சரியாச்சாக்கா போனை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் போட்டாள். "வணக்கம் ஐயா. லிப்ட் சரியாச்சா?"

"ஓடுதுன்னு சொல்றாங்கம்மா," என்றார் கண்டக்டர். "சொல்றதை வெச்சு நான் எப்படிச் சொல்ல முடியும்? ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன். இருங்க, ஒரு அம்மா ஸ்ட்ரெச்சர்ல காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்களையும் ஏத்திக்கிறேன். உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க."

போனில் கதவு சாத்துகிற சத்தம் வந்தது. இணை இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சதுக்கத்து ஒலிபெருக்கியில் யாரோ அமைச்சரின் தொலைநோக்குப் பார்வையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். மூச்சுக்கு மூச்சு நூறு என்றார்கள். போனில் ஒரு விசில். "முதல் மாடி. நின்னுச்சு. கதவு திறந்துச்சு," என்றார் கண்டக்டர். பத்து ஐம்பத்தைந்து. இன்னொரு விசில். "ரெண்டாவது மாடி. கொஞ்சம் குலுக்குது, பரவால்ல."

"யோவ், அந்த ஆளைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லும்மா!"

"அவர் செக் பண்றார் சார்," என்றாள் சரியாச்சாக்கா, போனைக் கையால் மூடிக்கொண்டு. ஒரு கண்டக்டரின் பஸ்ஸை அமைச்சருக்காக விரட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் மாடி. மறுபடி கீழே. மறுபடி மேலே. இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். பதினொன்று அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது போனில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் வந்தது, நீட்டி முழக்கி, இரண்டு விசில்.

"சரியாச்சும்மா," என்றார் கண்டக்டர். "போலாம், ரைட்."

சரியாச்சாக்கா முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டுக் கருவியில் வைத்தாள். சதுக்கத்தில் கைதட்டல் இடி மாதிரி எழுந்தது. திரையில் நூறு விழுந்திருந்தது. இணை இயக்குநர் மேடையை நோக்கி ஓடினார்.

கூடியிருந்தவர்கள் கலைந்தார்கள். கண்காணிப்பாளர் மட்டும் நின்றார். அவளிடம் என்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை என்று சொல்ல நினைத்தார். அவள் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று பேனாவைத் திறந்துவிட்டாள்.

அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே திரை முழுசாகத் தெரிந்தது. கணினியில் தன் பெயரில் முடித்த புகார்களின் பட்டியலைத் திறந்தார். பக்கம் பக்கமாக, எல்லாவற்றுக்கும் எதிரில் மூன்றாவது வாக்கியம். கொஞ்ச நேரம் தேடி, ஒன்றைக் கண்டுபிடித்து, அலுவலக போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார்.

"ஹலோ?" என்றது குரல். பின்னால் மருந்துக் கடைச் சத்தம்.

"வணக்கம். குறைதீர்ப்பு ஆஃபீஸ்ல இருந்து பேசுறேன்."

"என்னங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"தெரு விளக்கு எரியலைன்னு ஒரு புகார் கொடுத்திருந்தீங்க." பேனாவைத் திறந்தார். "சரியாச்சா?"

யாரோ மாத்திரை கேட்டார்கள். ஒரு நிமிஷம் இருங்க என்று மனைவி அவர்களிடம் சொல்வது கேட்டது. பதில் வந்தபோது அதில் புதன்கிழமை காலை இருந்த கேலி கொஞ்சம்தான் இருந்தது.

"இல்லைங்க சார். இன்னும் சரியாகலை. எழுதிக்கோங்க."

"எழுதிக்கிறேன்மா," என்றார்.

விரலைக் கருவியில் வைத்து, முடித்த புகாரைத் திறந்தார். வெளியே அமைச்சர் நூறு சதவிகிதம் என்று கையை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் திரை ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு 99.99 ஆனது. கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்புப் பரவியது. அமைச்சர் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார்.

கண்காணிப்பாளர் மின்பிரிவு என்ஜினியரின் எண்ணைத் தாளில் குறித்து, பக்கத்தில் பத்துப் பத்து என்று எழுதினார். பிறகு பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்து போனை எடுத்தார்.